நான் மொழிபெயர்த்த பதினான்கு வரிகள்

"ஷெல் வருது! படுங்கோ! படுங்கோ!"

யாருடைய குரல் என்று தெரியவில்லை. விழுகிறோம். வாய்க்குள் மணல். தூரத்தில் ஒரு 'டொம்'. மூன்று மூச்சுக்கு அமைதி. பிறகு துணி கிழிவதுபோல் வானம் கிழிகிறது. பிறகு நிலம் நெஞ்சில் உதைக்கிறது.

வலைஞர்மடம். இரண்டாயிரத்து ஒன்பது, சித்திரை மாதம், போரின் கடைசி நாட்கள். விடிந்து அரை மணி நேரம். என் கைக்குக் கீழே மகள் துளசி. நான்கு வயது. அவளுக்கு அந்தப் பக்கம் என் மனைவி வதனி. மூவரும் உயிரோடு இருக்கிறோம். எழும்புகிறோம். கடல்நீரேரிப் பக்கம் சனம் ஓடுகிறது. நாங்களும் ஓடுகிறோம்.

அம்மா பின்னால் இல்லை. தம்பி குகன் இல்லை.

இல்லை என்பது எனக்குத் தெரியும். சற்று முன்னால் பங்கர் வாசலில் அவர்களை விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஏரியைக் கடந்து போகலாம் என்று விடியமுன்னமே கதை வந்திருந்தது. கழுத்தளவுத் தண்ணீர், அந்தப் பக்கம் போனால் உயிர் தப்பும் என்றார்கள். நான் ஒரு பையைக் கட்டினேன். குகன் கட்டவில்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. மூன்று மாதமாகக் காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன். சட்டையில் யாருடைய இரத்தமோ காய்ந்து கறுத்திருந்தது.

"நான் வரேல்லை அண்ணை."

"விசர்க்கதை கதையாதை. வெளிக்கிடு."

"நீங்கள்தானே எழுதினனீங்கள். கால் பெயர்ந்தால் நாடில்லை எண்டு. இப்ப நீங்களே பெயர்க்கிறியள்."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா.

"நீ பிள்ளையைக் கொண்டு முன்னுக்குப் போ தம்பி. நான் இவனைச் சமாதானப்படுத்திக் கூட்டிக்கொண்டு வாறன்."

பக்கத்துத் தரப்பாள் கூடாரத்தில் இருந்த ஞானம் அக்கா இதைக் கேட்டுக்கொண்டு நின்றா. பையைத் தோளில் போட்டிருந்தா. இரண்டு பிள்ளைகள், ஒன்பதும் ஆறும். "மகேஸ் அக்கா நிக்கிறாவெண்டால் நாங்களும் அவவோடையே வாறம்" என்று அம்மாவைக் காட்டிச் சொன்னா. பையை இறக்கி வைத்தா. பை மணலில் விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது. மெத்தென்ற சத்தம்.

நடந்தோம். முந்நூறு அடி இருக்கும். அப்போது விழுந்ததுதான் நான் முதலில் சொன்ன ஷெல். எழும்பிப் பத்து அடி ஓடியிருப்போம். இரண்டாவது 'டொம்'. அது எங்கள் பக்கம் வரவில்லை. பின்னால் போனது. சத்தத்தை வைத்தே எனக்கு விளங்கியது.

துளசியை வதனியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

பங்கர் இருந்த இடத்தில் பள்ளம். புகை. தென்னங்குற்றிகள் நெருப்புக்குச்சி மாதிரிச் சிதறிக் கிடந்தன. அம்மாவைச் சேலையால் அடையாளம் கண்டேன். குகனைக் கை மணிக்கூட்டால். ஞானம் அக்காவின் சின்னவன் முழுதாக இருந்தான். ஒரு கீறல் இல்லை. கூப்பிட்டேன். கன்னத்தில் தட்டினேன். இல்லை.

"அங்கை நிக்காதேங்கோ! திருப்பியும் வருது!"

புதைக்கவில்லை. கையால் மூன்று தடவை மண் அள்ளிப் போட்டேன். அவ்வளவுதான். ஓடினேன். ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. துளசியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். யார் யாரோ மிதந்தார்கள். கீழே பார்க்காமல் நடந்தேன்.

குகன் சொன்ன அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் ஆங்கில வாத்தியார். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடம். சமாதானக் காலத்தில் வெளிநாட்டுத் தொண்டர் ஒருவர் வந்துபோனார். போகும்போது ஒரு பழைய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பை விட்டுச் சென்றார். அதில் எஸ்தோனியக் கவிஞர் ஒருவரின் கவிதை இருந்தது. எஸ்தோனியா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினேன். கடலோரத்தில் சின்ன நாடு. பெரிய நாடுகள் மாறி மாறி மிதித்த நாடு. உடனே எங்கள் கவிதை என்று நினைத்துவிட்டேன்.

ஊரைவிட்டு எல்லோரும் படகில் ஓடுகிறார்கள். ஒரு தகப்பன் மட்டும் தன் நிலத்தில் நிற்கிறான். அதுதான் கவிதை. பதினான்கு வரிகள். ஒரு மாலையில் தமிழாக்கினேன். கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து ஓசையைச் சரிசெய்தேன்.

கால் பதித்த மண்ணே நாடு.
கால் பெயர்ந்தால் நாடில்லை.

ஆங்கிலத்தில் இவ்வளவு ஓசை இல்லை. ஓசை நான் போட்டது.

பள்ளிக்கூடச் சஞ்சிகையில் ரோனியோ இயந்திரத்தில் அடித்துப் போட்டோம். கவிஞரின் பெயரைக் கீழே சின்னதாகப் போட்டேன். அடுத்த வருடப் பரிசளிப்பு விழாவில் என் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் சேர்ந்து சொன்னார்கள். குகனும் அதில் ஒருவன். சனம் எழும்பி நின்று கை தட்டியது. மற்றப் பள்ளிக்கூடங்கள் வாங்கிப் போயின. பெயர் எங்கோ வழியில் விழுந்துவிட்டது. வரி மட்டும் போனது.

ஷெல் இல்லாத காலம் அது. மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதினேன்.

இப்போது பாரிசில் இருக்கிறேன். முகாமில் இருந்தோம். பிறகு கொழும்பு. பிறகு சொல்ல விரும்பாத மூன்று நாடுகள். இப்போது வீடு செவ்ரான் புறநகரில். வேலை தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரஞ்சன் அண்ணையின் அச்சகத்தில். கலியாணக் கார்டு, பூப்புனித நீராட்டு விழாக் கார்டு, செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகம், எல்லாம் செய்வோம். தமிழ் எழுத்துக் கோர்ப்பது நான். தெருமுனைக்கு அப்பால் இரண்டாம் இலக்க மெத்ரோ இரும்புப் பாலத்தின் மேலே போகும். ஒவ்வொரு தடவையும் கடைக் கண்ணாடி அதிரும். இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகியும் என் கை ஒரு கணம் விசைப்பலகையில் நின்றுவிடுகிறது.

பங்குனி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது. சீலன் கடைக்கு வந்தான். நாற்பது வயதிருக்கும். போரில் இறந்தவர்களுக்கான மே மாத நினைவு நாளைச் செய்கிறவர்களில் ஒருவன். வேலை முடிந்து, தூங்காமல், இதற்காக ஓடித் திரிகிறவன். கெட்டவன் இல்லை. தொலைபேசியைத் திறந்து காட்டினான்.

"அண்ணை, ஒரு பெரிய பனர் அடிக்க வேணும். மூண்டு மீட்டர். இந்த ரெண்டு வரியும் நடுவிலை. பொபினி, பியர்ஃபித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளையள் நாப்பது பேர் மேடையிலை சொல்லப்போகினம்."

பார்த்தேன். அந்த இரண்டு வரி. கீழே 'ஈழத்துக் கவிதை' என்று இருந்தது.

"ஆர் எழுதினது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

"தெரியாது அண்ணை. இணையத்திலை கிடந்தது. கடைசிவரை மண்ணிலை நிண்ட ஆரோ எழுதியிருக்க வேணும். வாசிக்கவே தெரியுதுதானே."

மேலே மெத்ரோ போனது. கண்ணாடி அதிர்ந்தது. "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

அதே கிழமை வெள்ளிக்கிழமை இன்னொரு வேலை வந்தது. பக்கத்து நூலகம் ஒன்று பல மொழிக் கவிதை வாசிப்பு நடத்துகிறது. தமிழிலும் துண்டுப்பிரசுரம் வேண்டுமாம். பெயர்ப் பட்டியலைத் தட்டச்சுச் செய்துகொண்டு போனேன். ஐந்தாவது பெயரில் நின்றேன். எஸ்தோனியா. அந்தக் கவிஞர். உயிரோடு இருக்கிறார். எண்பத்தேழு வயது. என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாசிக்கப் போகிறார்.

அன்று வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போனேன். அவருடைய கவிதைகள் பிரெஞ்சில் ஒரே புத்தகமாக இருந்தன. எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். கார் து நோர் நிலையத்திலிருந்து செவ்ரான் வரை நின்றுகொண்டே வாசித்தேன். இறங்கி நடைமேடைக் கதிரையில் இருந்து வாசித்தேன். குளிர். மூன்று ரயில் போனது. எழும்பவில்லை.

முன்னுரையில் அவருடைய கதை இருந்தது. பிறந்தது ஒரு தீவில். ஏழு வயதில், போர் முடிகிற காலத்தில், தாயோடு படகேறிச் சுவீடனுக்குப் போனார். தகப்பன் ஏறவில்லை. மாட்டையும் வயலையும் விட்டு வரமாட்டேன் என்று கரையில் நின்றார். பிறகு செய்தியே இல்லை. முதல் புத்தகம் அந்தத் தகப்பனைப் பற்றியது. அதில் நாடு என்றால் மண். அதை எழுதும்போது அவருக்கு இருபத்துமூன்று வயது.

இரண்டாவது புத்தகத்தில் மண் இல்லை. நாடு என்றால் மொழி என்கிறார். சுவீடன் தெருக்களில் தாய் தன் மொழியில் மெதுவாக முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறாள். அந்த முணுமுணுப்புக்குள் தான் குடியிருந்ததாக எழுதுகிறார். மூன்றாவதில் அதுவும் உடைகிறது. நாடு விடுதலையான பிறகு தீவுக்குத் திரும்பிப் போகிறார். வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். கோப்பி கொடுக்கிறார்கள். அவர் பேசுகிற மொழி பழசாகிவிட்டது என்று அந்த வீட்டுக் குழந்தைகள் சிரிக்கின்றன. மண்ணும் இருக்கிறது, மொழியும் இருக்கிறது, இரண்டிலும் தனக்கு இடமில்லை என்று எழுதுகிறார்.

கடைசிப் புத்தகம் எண்பது வயதில் எழுதியது. அதில் ஒரே ஒரு நீண்ட கவிதை. மறுபடியும் அதே கரை. அதே படகு. ஏழு வயதுப் பிள்ளை தகப்பனைப் பார்த்துக் கத்துகிறது. உன் கால்தான் என் நாடு, அது இருக்கிற இடத்தில் நான் இருப்பேன், காலைப் பெயர்த்துக்கொண்டு வா, அப்பா.

நடைமேடையில் இருந்து அழுதேன். சொல்லக் கூச்சமில்லை. சாட்சி சொல்ல வந்தவன் இதையும் சொல்ல வேண்டும்.

ஒன்று கவனித்தேன். என் பதினான்கு வரிக் கவிதை அந்தப் புத்தகத்தில் இல்லை. முதல் புத்தகத்தை முழுதாகச் சேர்த்திருப்பதாக முன்னுரை சொன்னது. அது மட்டும் இல்லை.

வாசிப்பு இரண்டு கிழமை கழித்து, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. துளசி என்னோடு வந்தாள். இப்போது அவளுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். வலைஞர்மடம் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அன்று மெத்ரோப் பாலத்துக்குக் கீழே நடக்கும்போது சொன்னேன். அந்த வரியை. குகன் சொன்னதை. ஞானம் அக்கா பையை இறக்கியதை. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பிடித்ததுபோல.

கவிஞர் மெலிந்த மனிதர். குரல் நடுங்கவில்லை. வாசிப்பு முடிந்ததும் ஆட்கள் கையெழுத்து வாங்கினார்கள். நான் கடைசி ஆளாக நின்றேன். என்னிடம் ஒரு தாள் இருந்தது. பதினான்கு வரிகளும் தமிழில். கோபத்தோடுதான் போனேன். அதை மறைக்கப் போவதில்லை.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். இது உங்கள் கவிதை, நிலத்தில் நின்ற தகப்பனின் பதினான்கு வரி. நான் என் மொழியில் போட்டேன். போர் நடந்தது. சனம் இதை நம்பி நின்றது. என் தம்பி நின்றான்.

அவர் தாளை வாங்கவில்லை. எழுத்துகளைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இதை நான் எடுத்துவிட்டேனே" என்றார். "நாற்பது வருடத்துக்கு முன்னமே. இனி எங்கேயும் போட வேண்டாம் என்று பதிப்பாளருக்கு எழுதினேன்."

நான் மொழிபெயர்த்த வருடத்தைக் கணக்குப் பார்த்தேன். அதற்கு இருபது வருடத்துக்கு முன்னமே அது செத்துப்போன கவிதை. அதைத்தான் எடுத்து ஊதி, ஓசை போட்டு, உயிர் கொடுத்திருக்கிறேன்.

"நான் அதை ஸ்டொக்ஹோமில் எழுதினேன்" என்றார். "ஒரு சூடான சமையலறையில். அப்பா பயத்தில் நின்றாரா, பிடிவாதத்தில் நின்றாரா, எனக்குத் தெரியாது. எனக்கு அழகான அப்பா தேவைப்பட்டார்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "எத்தனை பேர்?"

துளசிதான் பிரெஞ்சில் சொன்னாள்: அப்பா இன்னும் எண்ணவில்லை.

அவருடைய கடைசிக் கவிதையைத் தமிழில் போட அனுமதி கேட்டேன். கொடுத்தார். வேறு என்ன கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என் கோபம் எங்கே போனதென்று எனக்கும் தெரியவில்லை.

ஒரு கிழமை, வேலைக்குப் போகமுன் காலையில் இருந்து மொழிபெயர்த்தேன். இம்முறை ஓசை போடவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். சீலனைக் கடைக்குக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பனரை நான் அடிக்க மாட்டேன் என்றேன். இதைப் பிள்ளைகளுக்குக் கொடு என்று புதிய தாளை நீட்டினேன்.

நின்றபடி வாசித்தான். இரண்டு தடவை.

"அண்ணை, நினைவு நாளிலை ஓடுங்கோ எண்டு சொல்லுற கவிதையையோ பிள்ளையளுக்குக் குடுக்கச் சொல்லுறியள்?"

"ஓடிவந்தபடியால்தானே அந்தப் பிள்ளையள் இஞ்சை இருக்கினம்."

அவன் முகம் மாறியது.

"என்ரை தங்கச்சி நிண்டவள். பத்தொன்பது வயசு. அவள் நிண்டது பிழையெண்டு சொல்லுறியளோ?"

"இல்லைத் தம்பி. அவளை நிக்கச் சொன்னது பிழையெண்டு சொல்லுறன். சொன்னது நான்."

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். பனரை வேறு கடையில் அடித்தார்கள்.

அதன்பிறகு கடைக்கு வருகிற ஆட்கள் குறைந்தார்கள். ரஞ்சன் அண்ணை என்னைக் கண்டால் கணினியைப் பார்ப்பார். லா சப்பல் தெருவில் வழக்கமாகக் கை காட்டுகிறவர்கள் கை காட்டவில்லை. ஒருநாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. இலக்கம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு ஒரு குரல், மரியாதையாக:

"வாத்தியார். செத்த ஆக்களைத் திரும்பச் சாக்காட்டாதேங்கோ."

வைத்துவிட்டான். வதனி யாரென்று கேட்டாள். பிழையான இலக்கம் என்றேன். நம்பவில்லை. அன்றிலிருந்து நான் ரயில் ஏறியதும் ஒரு குறுஞ்செய்தி, இறங்கியதும் ஒன்று அனுப்பச் சொன்னாள்.

மே மாதம். ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் மூன்றே கால். மண்டபம் நிறைந்திருந்தது. கறுப்பு உடுப்பு. சுடர் ஏற்றினார்கள். நானும் ஏற்றினேன். அதைத் தடுக்க ஒருவரும் வரவில்லை. பிறகு நாற்பது பிள்ளைகள் மேடைக்கு வந்தார்கள். பனர் மேலே. முதல் வரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் காலை ஓங்கி மிதித்தார்கள். யாரோ நன்றாகப் பழக்கியிருந்தார்கள். பலகை மேடை. நாற்பது கால்.

டொம்.

பக்கத்தில் இருந்த ஒரு வயது போன அம்மா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக் குனிந்தா. நானும் குனிந்தேன். மண்டபத்தின் பின்பக்கம் பாதிச் சனம் குனிந்து நிமிர்ந்தது. ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிள்ளைகள் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

கை தட்டல் முடியமுன் எழும்பி நடந்தேன். துளசி பின்னால் வந்தாள். மேடைப் படியில் சீலன் நின்றான். மறிப்பான் என்று நினைத்தேன். என் கண்ணைப் பார்த்தான். விலகினான். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

ஒலிவாங்கியைப் பிடித்தேன். "இந்தக் கவிதையை எழுதினவர் ஒரு எஸ்தோனியர். தமிழிலை போட்டது நான். எழுதினவர் அதைத் திருப்பி எடுத்திட்டார். இண்டைக்கு நானும் எடுக்கிறன்."

"இறக்குங்கோ ஆளை! இறக்குங்கோ!"

என் சட்டைப் பையில் ஒரு பட்டியல் இருந்தது. விரித்தேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன். குகனின் பெயரைச் சொன்னேன். ஒலிவாங்கி செத்தது. ஒரு 'டிக்'. அவ்வளவுதான். நான் மிச்சத்தை வாசித்தேன். முன்வரிசைக்கும் கேட்டிருக்காது. இரண்டு பேர் தோளில் கை வைத்து வெளியே கொண்டுபோனார்கள். தள்ளவில்லை. அடிக்கவில்லை. வாசலில் விட்டார்கள். அந்த வயது போன அம்மா எழும்பி வெளியே வந்தா. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றா. பிறகு மெத்ரோவுக்குப் போனா.

ஆகவே அந்தப் பட்டியலை இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் ஒன்று. கூரை இல்லை, சுவர் இல்லை.

வீடு ஒன்று.

அன்று ஊர்ப் பள்ளி மேடையில் அந்தக் கவிதையைச் சொன்ன என் பிள்ளைகள் பத்தொன்பது பேர். வெளிநாட்டில் ஐந்து. ஊரில் மூன்று. தகவல் இல்லாதவர்கள் நான்கு. இறந்தது உறுதியானவர்கள் ஏழு: சுதர்சினி, நிமலன், கேதீஸ், மாலினி, யோகன், சின்ன மாலினி, குகன். அவர்களில் ஆறு பேர் என்ன நினைத்து நின்றார்கள், நின்றார்களா ஓடினார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லமாட்டேன்.

தெரிந்தது இது.

அந்த வரிக்காக நின்றவன் ஒருவன். குகன், இருபத்திரண்டு.

அவனுக்காக நின்றவர் ஒருவர். அம்மா, மகேஸ்வரி, அறுபத்தொன்று.

அம்மாவுக்காக நின்றவர்கள் மூவர். ஞானம் அக்கா, முப்பத்துநான்கு. கவிதா, ஒன்பது. சின்னவன் அருள், ஆறு.

ஐந்து பேர்.